பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து இரவுச் சோறு: அரிசிம்பருப்பும் கொள்ளும் ஆக்கிப் பகிர முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற ஊர்களில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்பும் குடும்பங்கள் பெருகிவிட்டன. இதனால் ஒரே வரிசையிலோ ஒரே அடுக்குமாடியிலோ குடியிருக்கும் இரண்டு மூன்று வீட்டார் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் ஆக்கிய இரவுச் சோற்றை மற்றவர்களுக்கும் கொடுத்துவிடும் பழக்கம் மிகவும் உதவியாக இருக்கிறது. பொங்கலுக்கோ நோன்புக்கோ பலகாரம் கொடுத்தனுப்புவது நமக்குப் புதிதல்ல. ஆனால் முழு இரவுச் சாப்பாட்டையும் இன்னொரு வீட்டுக்கு ஆக்கித் தருவதென்றால் அதற்குத் தனியான திட்டம் வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: கொடுத்தனுப்பும் சோற்றை, அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தைக் கணக்கில் கொண்டு அல்லாமல், அந்த வீட்டார் வட்டலில் (தட்டில்) போட்டுச் சாப்பிடும் நேரத்தைக் கணக்கில் கொண்டு ஆக்க வேண்டும். தண்ணீரின் அளவு, தேங்காயைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது, பாத்திரத்தின் தேர்வு ஆகிய எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

இதற்குக் கொங்குச் சமையலில் இரண்டு சாப்பாடுகள் மிகப் பொருத்தமானவை. முதலாவது அரிசிம்பருப்பு. ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்துவிடும். தனியாகக் குழம்பு தேவையில்லை. குழந்தைகளும் முதியவர்களும் விரும்பி உண்பார்கள். இரண்டாவது கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும். ஒரு தடவை வேகவைத்த கொள்ளிலிருந்து சோற்றுக்குப் பிசைந்துகொள்ளப் பருப்பும், ஊற்றிக்கொள்ள ரசமும் கிடைக்கின்றன. முதன்முதலாகப் பகிரத் தொடங்குபவர்கள் அரிசிம்பருப்பில் தொடங்குவது நல்லது. கொள்ளுக்கு முதல் நாளே ஊறவைக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதால், கைப்பழக்கம் வந்த பிறகு அதற்குப் போகலாம்.

முதலில் கேட்க வேண்டியவை

"ஏனுங்கக்கா, இன்னைக்குப் பொழுதோட சோறாக்காதீங்க, அரிசிம்பருப்பு ஆக்கிக் கொண்டாறேனுங்க" என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் சொன்னால் அந்த வீட்டில் மாவு கரைத்திருப்பார்கள், அல்லது குக்கரே ஏறியிருக்கும். சொல்லும்போதே சிலவற்றைக் கேட்டுக்கொள்வது அவசியம். அன்று கிருத்திகை, சஷ்டி என்று யாராவது விரதம் இருக்கிறார்களா? பூண்டு, வெங்காயம் சேர்க்காதவர்கள் உண்டா? நிலக்கடலை யாருக்காவது ஒவ்வாமையா? நம் ஊரில் கடலெண்ணெயில் தாளிப்பது இயல்பு என்பதால், இந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ வேறு மாவோ கலந்திருக்கும். ஆகவே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் இருக்கும் வீட்டுக்குப் பெருங்காயம் போடாமல் தாளித்துத் தர வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர் இருந்தால் உப்பைக் குறைத்தே போட்டு, ஊறுகாயைத் தனியாக வைத்துவிடலாம்.

பக்கத்து வீட்டார் வேறு மாநிலத்தவராக இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை. அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு குஜராத்திகளுக்கும் வங்காளிகளுக்கும் கிச்சடியாகப் பழக்கமானதே. திருப்பூரில் பின்னலாடை வேலைக்கு வந்து குடியேறியிருக்கும் ஒடிசாக் குடும்பங்களின் வீட்டில் பருப்போடு காய்களைச் சேர்த்து வேகவைக்கும் டால்மா உண்டு. அவர்கள் முறை வரும் நாளில் அதைச் சோற்றோடு வாங்கி உண்டு பாருங்கள். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீடுகளுக்குச் சீரகத்தையும் மிளகையும் கூட்டி, இஞ்சி ஒத்துக்கொள்ளும் என்றால் அதையும் தட்டிப் போட்டு அரிசிம்பருப்பு ஆக்கலாம். சமண வீடுகளில் இஞ்சியும் கிழங்கு வகைகளும் கூடாது என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேருக்கான அளவு

இங்கே சொல்லும் அளவு நான்கு பேர் கொண்ட இரண்டு வீடுகளுக்குப் போதும். 200 மில்லி டம்ளரால் அளந்தால் பொன்னிப் புழுங்கலரிசி 3 டம்ளர், துவரம்பருப்பு 1 டம்ளர் வேண்டும். சின்ன வெங்காயம் உரித்தது 300 கிராம், பூண்டு 20 பல், நடுத்தரத் தக்காளி 4, வரமிளகாய் 8, சீரகம் 2 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை 3 ஈர்க்கு, கடலெண்ணெய் 4 மேசைக்கரண்டி, கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெருங்காயமும் உப்பும் வழக்கம்போல.

பொருள்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சின்ன வெங்காயத்துக்குப் பதிலாகப் பெரிய வெங்காயத்தைப் போட்டால் இந்தச் சோறு அரிசிம்பருப்பாக இராது. உழவர் சந்தையில் வாங்கும்போது புதிதாகப் பிடுங்கிய ஈர வெங்காயத்தைவிட, தோல் காய்ந்து சலசலக்கும் வெங்காயத்தைத் தேர்ந்தெடுங்கள். ஈரம் குறைவாக இருப்பதால் அது எண்ணெயில் விரைவாகச் சிவக்கும். மஞ்சளைப் பொறுத்தவரை, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் விளையும் நாட்டில் இருந்துகொண்டு, எப்போது அரைத்தது என்று தெரியாத தூளை வாங்க வேண்டியதில்லை. விரலி மஞ்சளாக வாங்கி, மில்லில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து வைத்துக்கொண்டால் நிறமும் மணமும் வேறாக இருப்பதைக் காணலாம்.

ஊறவைப்பதும் தண்ணீரும்

அரிசியையும் பருப்பையும் ஒன்றாகவே கழுவி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கொங்குப் பகுதி வீடுகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஒரு குழாயிலும், சிறுவாணி, பவானி, காவிரி என ஏதேனும் ஓர் ஆற்றுத் தண்ணீர் இன்னொரு குழாயிலும் வரும். கழுவுவதற்கு உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஊறவைக்கவும் வேகவைக்கவும் நல்ல தண்ணீரே வேண்டும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினை இறுக்கிவிடுவதால், எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுமையாகக் குழையாமல் நறுக்கென்று நிற்கும். தக்காளியின் புளிப்பும் பருப்பு வேகும் வேகத்தைக் குறைக்கும். இந்தச் சோற்றில் தக்காளியும் பருப்பும் ஒன்றாகவே வேகின்றன என்பதால்தான் அரை மணி நேர ஊறலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்ததாக, வேகவைக்கும் தண்ணீரின் அளவு. இறக்கிய உடனே உண்பதென்றால் அரிசியும் பருப்பும் சேர்ந்த 4 டம்ளருக்கு 11 அல்லது 12 டம்ளர் தண்ணீர் போதும். கொடுத்தனுப்பும் சோற்றுக்கு 14 டம்ளர் ஊற்ற வேண்டும். சோறு ஆற ஆற அதன் மாவுச்சத்து மீண்டும் இறுகுகிறது. அதற்கிடையே பருப்பும் அரிசியும் மிச்சத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. குக்கரைத் திறந்தபோது கச்சிதமாக இருந்த அரிசிம்பருப்பு, அரை மணி நேரத்தில் கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்குக் கட்டியாகிவிடும். ஆகவே திறந்ததும் சற்றுத் தளர்ந்து, கரண்டியிலிருந்து மெல்ல வழிந்து விழும் பதத்தில் அது இருக்க வேண்டும். அந்தப் பதத்தைப் பார்த்துத் தண்ணீர் கூடிவிட்டதென்று பயந்து மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள்.

தாளிப்பு

அரிசிம்பருப்பின் ருசி பெரும்பாலும் தாளிப்பில்தான் இருக்கிறது; இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. மிளகையும் ஒரு தேக்கரண்டி சீரகத்தையும் உரலில் ஒன்றிரண்டாக நசுக்கி வைத்துக்கொள்ளுங்கள். குக்கரில் கடலெண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டு, அது வெடித்து ஓய்ந்த பிறகு மீதமுள்ள சீரகத்தையும், கிள்ளிய வரமிளகாயையும், கறிவேப்பிலையையும் போடுங்கள். உடனே பூண்டைப் போட்டு, அதன் ஓரங்கள் பொன்னிறத்துக்கு வரும் வரை நடுத்தரத் தீயில் வதக்க வேண்டும். வெங்காயத்தில் பாதியை முழுதாகவும் மீதிப் பாதியை இரண்டாக நறுக்கியும் போடுவது நல்ல முறை. நறுக்கியது கரைந்து சோற்றோடு கலந்துவிடும். முழு வெங்காயம் உருக்குலையாமல் இருந்து, வாயில் இனிப்பாகச் சிக்கும். வெங்காயம் முதலில் கண்ணாடி போலத் தெளிந்து, பிறகு எண்ணெயில் படும் பக்கம் மட்டும் பழுப்பாகி, தன் ஈரத்தை விட்டு ஓசை அடங்கும் வரை, ஏறத்தாழ எட்டுப் பத்து நிமிடம், கிளறிக்கொண்டிருங்கள். இந்த இடத்தில் தீயைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்தினால் வெளிப்புறம் கருகி உள்ளே பச்சை வாடை நின்றுவிடும். கொடுத்தனுப்பும் தூக்குப் பாத்திரமான போசிக்குள் அரை மணி நேரம் அடைபட்டிருக்கும்போது அந்த வாடை சோறு முழுவதும் ஏறிவிடும்.

பிறகு நறுக்கிய தக்காளியைப் போட்டு, தோல் சுருண்டு எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை வதக்குங்கள். நசுக்கிய மிளகு சீரகம், மஞ்சள்தூள், பெருங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கிளறு கிளறியதும் 14 டம்ளர் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். உப்பை நான்கு தேக்கரண்டியில் தொடங்கி, கொதிக்கும் தண்ணீரை ஒரு கரண்டியில் எடுத்து ஆற்றிச் சுவைத்துப் பாருங்கள். அரிசியும் பருப்பும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தண்ணீர் லேசாகக் கரித்தால்தான் சோற்றில் உப்பு சரியாக நிற்கும். ஒரப்பு (காரம்) வேண்டுமென்போர் இந்த நேரத்தில் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் சேர்க்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் போவதென்றால் நான் சேர்க்க மாட்டேன்.

தேங்காயைப் பற்றி வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகத் துருவிப் போடுவார்கள். இறக்கிய உடனே சாப்பிடுவதற்கு அது அருமைதான். ஆனால் தேங்காய் சேர்ந்த சோறு வெயில் காலத்தில் விரைவாக ஊசிப்போகும். பகிரும் சோற்றுக்குத் துருவலைத் தவிர்த்து, தேங்காயைச் சிறு பற்களாகக் கீறித் தாளிப்பிலேயே சிவக்க வறுத்துச் சேர்த்தால், கடிக்கும்போது மொறுமொறுப்பும் கிடைக்கும்; துருவலைப் போல அவ்வளவு சீக்கிரம் கெடவும் செய்யாது.

குக்கர்

தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் ஊறிய அரிசியையும் பருப்பையும் வடித்துப் போட்டு, அடிவரை ஒரு முறை கிளறி மூடுங்கள். இந்த அளவுக்கு 8 முதல் 10 லிட்டர் குக்கர் வேண்டும். நுரைத்துப் பொங்கும் அரிசி, பருப்பு போன்றவற்றைக் குக்கரின் பாதிக்கு மேல் நிரப்புவது ஆபத்து. 5 லிட்டர் குக்கர்தான் இருக்கிறதென்றால் இரண்டு ஈடாக ஆக்குங்கள். நடுத்தரத் தீயில் மூன்று விசில், பிறகு தீயைச் சிறிதாக்கி ஐந்து நிமிடம், அவ்வளவுதான். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றாமல் தானாக அடங்க விடுங்கள். மூடியைத் திறக்கும்போது மேலே வெங்காயமும் தக்காளித் தோலும் மிதந்து, தண்ணீர் தனியாக நிற்பது போலத் தெரியும். அடியிலிருந்து மெல்லக் கிளறியதும் அந்தத் தண்ணீர் பருப்போடு கலந்து, முழுவதும் ஒரே மஞ்சள் நிறமாகச் சேர்ந்துகொள்ளும். கொத்தமல்லித்தழையைத் தூவி, உடனே போசிக்கு மாற்றத் தயாராகுங்கள்.

கொள்ளு ஆக்கும் நாள்

எட்டுப் பேருக்கு ஒன்றரை டம்ளர் கொள்ளு போதும். கொள்ளில் அதே நிறத்தில், அதே பருமனில் சிறு கற்கள் கிடக்கும். முறத்தில் புடைத்தாலும் அவை போகமாட்டா. கல் அரிப்பதற்கு இரண்டு பாத்திரங்கள் தேவை. தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் கொள்ளைப் போட்டு வட்டமாகச் சுழற்றி, மேலெழும் கொள்ளைத் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டே இருந்தால், கனமான கற்கள் முதல் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். கடைசியாக நிற்கும் ஒரு பிடிக் கொள்ளைக் கையால் பார்த்துப் பொறுக்க வேண்டும். நம் வீட்டுக்கு மட்டும் என்றால் எப்படியோ. அடுத்த வீட்டுப் பாட்டியின் பல்லில் கல் சிக்கக் கூடாதல்லவா?

முதல் நாள் இரவே ஊறவைத்த கொள்ளை, ஆறு டம்ளர் நல்ல தண்ணீரில் ஏழெட்டு விசில் விட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவையுங்கள். ஊறவைக்க மறந்துவிட்டால், வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்து, தண்ணீரையும் விசிலையும் கூட்டி வேகவைக்கலாம், நேரம் அதிகமாகும். வெந்ததும் செம்பழுப்பான தண்ணீரை வடித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ரசம் அதிலிருந்துதான் வரப்போகிறது.

இரண்டு தேக்கரண்டி கொத்தமல்லி விதை, ஒரு தேக்கரண்டி சீரகம், ஆறு வரமிளகாய், பத்துப் பல் பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு தக்காளி ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி ஆறவிடுங்கள். முதலில் இந்தச் செலவுச் சாமான்களை (மசாலாப் பொருள்களை) அரைத்து, பிறகு கொள்ளைப் போட்டு ஆட்டுக்கல்லிலோ மிக்சியிலோ கொரகொரப்பாக ஓட்டி எடுக்க வேண்டும். மைபோல அரைத்தால் பருப்பு பிசுபிசுப்பாகி, ஆறியதும் கெட்டிப்பட்டுவிடும். ரசத்துக்கு, வடித்த கொள்ளுத் தண்ணீரில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, அரைத்த பருப்பில் இரண்டு கரண்டியை எடுத்துக் கலந்து, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, பிசைந்த தக்காளி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துக் காய வையுங்கள். புளியின் பச்சை வாடை போன பிறகு, மேலே நுரை கூடியதும் இறக்கித் தாளித்துவிட வேண்டும். கொள்ளு ரசம் போசியில் போகப் போக மிளகின் காரம் ஏறும் என்பதால் மிளகை ஒரு படி குறைத்தே போடுங்கள். இந்தச் சாப்பாட்டுக்கு வெள்ளைச் சோற்றை அந்தந்த வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது. சூடான சோற்றில் கொள்ளுப் பருப்பைப் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

போசியும் நேரமும்

நால்வர் கொண்ட ஒரு வீட்டுக்கு 2 லிட்டர் எவர்சில்வர் தூக்குப்போசி சரியான அளவு. அதைவிடப் பெரியதில் பாதி நிரப்பினால், மேலே உள்ள வெற்றிடத்தில் சூடு விரைவாகப் போய்விடும். ஹாட்பாக்ஸ் என்றால் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டுத் துடைத்த பிறகு சோற்றைப் போடுங்கள். புளி சேர்ந்த ரசத்தை ஈயம் பூசாத பித்தளையிலோ, மலிவான பிளாஸ்டிக் டப்பாவிலோ ஊற்ற வேண்டாம். தயிர், நெய், ஊறுகாய் மூன்றும் தனித்தனிக் கிண்ணங்களில் போகட்டும். ஊத்துக்குளி நெய் இருந்தால் அதை உருக்கி ஊற்றித் தராமல் அப்படியே தாருங்கள். அவரவர் வட்டலில் சுடுசோற்றில் விட்டுக்கொள்ளும்போதுதான் அதன் மணம் முழுதாக எழும். பொரித்த அப்பளம் ஆவி படாத டப்பாவில் தனியாகச் செல்ல வேண்டும்.

எட்டு மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆறே கால் மணிக்கு ஊறவைத்து, ஆறரைக்குத் தாளிக்கத் தொடங்கி, ஏழே கால் வாக்கில் அடுப்பை அணைத்து, ஏழரைக்குத் திறந்து, ஏழே முக்காலுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். இந்த நேரக் கணக்கு ருசிக்காக மட்டுமன்று. சமைத்த உணவு சாதாரண வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பிறகும் உயிரோடிருக்கக்கூடும். வெதுவெதுப்பில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாமல் நிற்கக்கூடியது. ஆகவே அந்த வீட்டார் இரவு பத்து மணிக்குத்தான் வருவார்கள் என்றால், சோற்றைப் போசியில் அடைத்து வாசலில் வைக்காதீர்கள். அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வந்ததும் கொடுங்கள்.

வாங்கிக்கொள்ளும் வீட்டாருக்கும் ஒரு குறிப்புச் சொல்லி அனுப்ப வேண்டும். அரிசிம்பருப்பு இறுகியிருந்தால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. கால் டம்ளர் கொதிநீர் விட்டு, அடியிலிருந்து புரட்டிக் கிளறினால் பழைய பதத்துக்குத் திரும்பிவிடும். குளிர்பெட்டியில் இருந்து எடுத்ததைச் சிறு தீயில், ஆவி பறக்கும் வரை, உள்வரை சூடேற்ற வேண்டும். ஒரு முறைதான் அப்படிச் சூடேற்றலாம். மீந்த வெள்ளைச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழைய சோறாக உண்பது நம் வழக்கம் என்றாலும், பருப்பும் தக்காளியும் கலந்த சோற்றுக்கு அந்த முறை பொருந்தாது.

முறை வைத்துப் பகிரும்போது பாத்திரங்கள் இடம் மாறிப்போவது ஒரு தொல்லை. பாத்திரக் கடைகளில் சிறு கருவியால் போசியின் கழுத்தில் பேர் வெட்டித் தருவார்கள். மூடியிலும் சேர்த்தே வெட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் போசியைவிட மூடிதான் முதலில் தொலையும். வெறும் போசியாகத் திருப்பித் தரக் கூடாது என்ற வழக்கத்தால், சில வீட்டார் ஏதாவது செய்து நிரப்பும் வரை போசியை வாரக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். இரண்டு எலுமிச்சம்பழமோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டு மறுநாளே தந்துவிடலாம் என்று தொடக்கத்திலேயே பேசிவைத்துக்கொண்டால் அடுத்த முறைக்குப் பாத்திரம் கையிலிருக்கும். செலவைப் பொறுத்தவரை, ஆளுக்கொரு நாள் ஆக்குவதால் கணக்குத் தானாகவே சரியாகிவிடும். யாராவது காசு வாங்கிக்கொண்டு பிற வீடுகளுக்கும் ஆக்கித் தரத் தொடங்கினால் மட்டும் அது வணிகமாகிவிடும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி முறையாகப் பதிவு செய்துகொண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும்.